இருட்டுப் பக்கம் போனவை

என் ஆராய்ச்சிக்கு அத்தைதான் துணை. படிப்பில் துணை இல்லை, பஸ்ஸில் துணை.

அறுபதுகளின் பிற்பாதி அது. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். எங்களுக்கு அரியக்குடிப் பக்கம் விவசாயம். பெண்ணை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்ததையே சொந்தக்காரர்கள் அதிகம் என்றார்கள். இன்னும் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா மறுக்கவில்லை, ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தார். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போகலாம். தொண்டிக் கடற்கரைக்குப் போவதென்றால் அத்தையும் கூட வரவேண்டும். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், பிள்ளையில்லாதவர், எங்கள் வீட்டோடு இருந்தவர். பஸ்ஸில் ஏறினால் அவருக்குக் குமட்டும். அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். என் கடல் மாதத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது.

கடலில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு உயிர்தான். படகின் அடியிலும் படகுத்துறையில் ஊன்றிய மரங்களிலும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, தொண்டிக்காரர்கள் கொட்டலசு என்பார்கள், அது. பெரியது ஒட்டிய இடத்தைவிட்டு அசையாது. அதன் குஞ்சுகளோ தூசி அளவுதான் இருக்கும், ஓயாமல் நீந்தும். அந்தக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கண்டால் எந்தப் பக்கம் போகின்றன என்பதே என் கேள்வி. படகுக்காரர்களுக்குப் பெரிய தொல்லை இந்தக் கொட்டலசு. அது எங்கே போய் ஒட்டும் என்று தெரிந்தால் பயன் உண்டு என்பார் எங்கள் பேராசிரியர். எனக்கு அந்தப் பயனைவிட அந்தத் தூசிகளைப் பார்ப்பதில்தான் விருப்பம் அதிகம்.

காலை முதல் பஸ்ஸில் தேவகோட்டை வழியாகத் தொண்டி போவோம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மரத்தில் ஒட்டியதைச் சீவி எடுப்பேன். அத்தை கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருப்பார். அங்கிருந்த பெண்களுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. கருவாட்டுக்குக்கூட ஆகாததை இந்தப் பெண் எதற்குச் சுரண்டுகிறது என்று அத்தையிடம் கேட்பார்கள். பரீட்சைக்கு என்பார் அத்தை.

ஜாடிகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவோம். கல்லூரித் துறையில், அங்கிருந்தே கொண்டுவந்த நல்ல கடல்தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாளுக்குள் அவை குஞ்சுகளை வெளியே விடும். எனக்கு ஒதுக்கிய அறை முன்பு மருந்துப் புட்டிகள் வைத்திருந்த அறை. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிப் பகலையே இருட்டாக்கி வைத்திருந்தேன். இரண்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் பல்பு. பல்பின் சூடு உள்ளே போகாமல் இருக்க நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு தட்டைக் கண்ணாடிப் பாத்திரம். தொட்டியின் மத்தியில் குஞ்சுகளை விடுவேன். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடித் தடுப்புகளைச் செருகினால் தொட்டி பத்து அறைகளாகப் பிரிந்துவிடும். எந்த அறையில் எத்தனை என்று லென்ஸ் வைத்து எண்ணுவேன். இரண்டு வருஷம் எண்ணினேன். ஏறக்குறைய எல்லாமே பல்புப் பக்கம்தான் போயின. அட்டவணைகள் அழகாக இருந்தன. பேராசிரியருக்கு மிகவும் திருப்தி. சென்னையில் நடக்கப்போகும் ஒரு கருத்தரங்கில் நானே பேசுவது என்று முடிவானது.

அப்போதுதான் அதே ஆராய்ச்சிக்கு இன்னொரு மாணவராக அவர் வந்து சேர்ந்தார்.

காரைக்குடிக்காரர்தான். தச்சு வேலைக் குடும்பம். என்னைவிட ஒரு வயது இளையவர். இங்கிலீஷ் சரளமாக வராது, கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். முதல் வாரம் அவரைப் பார்த்து எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, அவர் ஈரச் சட்டையோடு துறைக்குள் வந்தார். கையில் இரண்டு பெரிய வாளி. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். தொண்டிக்குத்தான் என்றார். முதல் பஸ்ஸில் போய், வேலையை முடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் கூடப் போகவில்லை. ஏதோ மூலைக்கடைக்குப் போய் வந்தவர் மாதிரி அதைச் சொன்னார்.

அந்த ஈரச் சட்டையின் உப்பு வாடை அன்று முழுக்க அறையில் இருந்தது. எனக்கு வந்ததற்குப் பெயர் பொறாமை என்று அன்றைக்கே தெரியும். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் போனார். தொண்டியில் ஒரு படகுக்காரர் வீட்டில் அவரைப் பிள்ளை போல வைத்துக்கொண்டார்கள். படகில் ஏற்றிக்கொண்டு ஆழத்துக்கும் போனார்களாம். நான் இரண்டு வருஷமாக அந்தக் கரைக்குப் போகிறேன், முழங்காலுக்கு மேல் கடலை அறிந்தவளில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குப் பேராசிரியர் கல்லூரி வாசலில் இருந்த டீக்கடைக்குப் போவார். அவரும் கூடப் போவார். நான் அங்கே போய் நிற்க முடியாது. அரை மணி கழித்து இருவரும் பேசிக்கொண்டே திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று முடிவாகியிருக்கும். பல்பை மாற்றுவது, தொட்டியை நீளமாக்குவது. நான் அதை ஒரு செய்தியாகக் கேட்டுக்கொள்வேன்.

இத்தனைக்கும் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். சண்டைக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் அவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியதாம். அவர் தொட்டியில் குஞ்சுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பல்புக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தன. ஒருமுறை அல்ல, ஐந்தாறு முறை. இருட்டு முனையில் கூடி, அங்கேயே நின்றிருக்கின்றன.

“நீங்க இப்புடி எப்பவாச்சும் பாத்திருக்கீகளா?” என்று கேட்டார்.

பார்த்ததே இல்லை என்றேன். அது உண்மை. வாளி வெயிலில் சூடாகியிருக்கும், குஞ்சுகள் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அதையும் அப்போது நம்பித்தான் சொன்னேன். நம்ப விரும்பினேன் என்பது இன்னும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றே பேராசிரியரிடம் போய், அவர் அள்ளி வரும் சரக்கு சுத்தமில்லை, அவசரமாகச் செய்கிறார் என்று சொன்னேன். கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பேராசிரியருக்கும் குழப்பம் வேண்டாமாக இருந்தது. அவரைக் கூப்பிட்டு, என் முறையைக் கற்றுக்கொண்டு அதன்படி திரும்பச் செய்யச் சொன்னார்.

மறுநாள் காலை அவர் என் இருட்டறைக்கு வந்து, குஞ்சுகளை எப்படிப் பிரித்தெடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்கு வாளி வாளியாகச் சரக்கு இருந்ததால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, கிடைத்த எல்லாவற்றையும் அப்படியே தொட்டியில் விடுவாராம். எனக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு வாரத்துக்கு நான்கு ஜாடிதான். அதில் அழுக்கும் ஓட்டுத்தூளும் கலந்திருக்கும். நல்ல குஞ்சுகளை ஒன்றுவிடாமல் எடுக்க ஒரு வழி வைத்திருந்தேன். ஜாடியின் ஓரத்தில் மேஜை விளக்கைப் பொருத்திக் காட்டினேன். சற்று நேரத்தில் அந்த ஓரம் பால் விட்டது போலக் கலங்கியது. அங்கிருந்து டிராப்பரால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டேன்.

“உயிரோட இருக்கறது எல்லாம் இங்குட்டு வந்துரும். செத்தது, தூசி எல்லாம் அங்குட்டே நின்னுரும்” என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தபோதுதான் எனக்கே அது புரிந்தது.

வெளிச்சத்துக்கு வருகிறவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டுபோய் இன்னொரு தொட்டியில் விட்டு, வெளிச்சத்துக்கு வருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாக. வராதவற்றை ஒவ்வொரு முறையும் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

ஜாடியின் மறு ஓரத்தைப் பார்த்தேன். நான் தூசி என்று நினைத்திருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல். தூசி கீழே படியும். இது படியவில்லை, துடித்துக்கொண்டிருந்தது. அவர் அப்போது கிண்ணத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் நான் ஜாடியைத் தூக்கி, மீதியை சிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு நொடி வேலை.

என் முறைப்படி அவர் செய்தபோது என் கணக்கே அவருக்கும் வந்தது. எல்லாம் பல்புப் பக்கம். அவர் வெகுநேரம் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தவறு தன்னுடையதுதான் என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குப் பேராசிரியர் வேறு வேலை கொடுத்தார். அருங்காட்சியக அறையில் ஃபார்மலினில் ஊறிய நட்சத்திர மீன்களுக்கும் கடல் அட்டைகளுக்கும் புதுச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை. வாரத்துக்கு ஒருமுறை எனக்கு உதவியாக வரவேண்டும். டீக்கடைக்கு இப்போது பேராசிரியர் அவரில்லாமல் தனியாகப் போனார். அவர் தொண்டிக்குப் போவது குறைந்தது. பேச்சும் குறைந்தது.

பூஜை விடுமுறையில் ஒரு நாள், ஆளில்லாத கல்லூரிக்குத் தனியாகப் போகவேண்டாம் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தேன். யாருமில்லை. அத்தையைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அறைக்குள் போய், இந்த முறை இருட்டு ஓரத்துக் கலங்கலை டிராப்பரில் எடுத்துத் தொட்டியில் விட்டேன். அது பொய்யாக இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்லி மாளாது. பத்து நிமிஷத்தில் அவை ஒன்றின் பின் ஒன்றாக இருட்டு முனைக்குப் போய்ச் சேர்ந்தன. தொட்டியைத் திருப்பி வைத்தேன். அவையும் திரும்பின. எண்ணி, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்துக்குத் தேதி போட்டேன். அந்த நோட்டை வீட்டில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். எண்ணியதைக் கிழிக்கக் கை வரவில்லை.

இரண்டு மாதம் அப்படியே போனது. அந்த இரண்டு மாதத்தில் பொறாமை குறைந்திருக்க வேண்டுமல்லவா, அவரைத்தான் கீழே தள்ளியாகிவிட்டதே. குறையவில்லை. முன்பு அவருடைய பஸ் பயணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவர் கண்டதைப் பார்த்து. நான் இரண்டு வருஷம் குனிந்து பார்த்தும் காணாததை அவர் வந்த சில மாதங்களில் பார்த்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்பது இன்னும் கொடுமையாக இருந்தது. அத்தைக்குக் காய்ச்சல் வந்து நான் தொண்டிக்குப் போக முடியாமல் போன ஒரு வாரம், யாரும் சொல்லாமலே அவர் போய் எனக்காகச் சரக்கு கொண்டுவந்தார். ஜாடிகள் குலுங்காமல் இருக்க உள்ளே வைக்கோல் திணித்த ஒரு மரப்பெட்டியையும் தானே செய்திருந்தார். நான் நன்றி சொன்னேன். என் குரல் எனக்கே கர்ணகடூரமாக இருந்தது.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தது. பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு அவர் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். சோதனை செய்யும்போது எப்படியெல்லாம் தவறு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், உதாரணத்துக்குத் தன்னையே எடுத்துக்கொண்டார். சூடான வாளித் தண்ணீரை நம்பி, கொட்டலசுக் குஞ்சு இருட்டைத் தேடிப் போகிறது என்று ஒரு முட்டாள் எழுதி வைத்தான், அந்த முட்டாள் நான்தான் என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். என்னால் உட்கார முடியவில்லை.

மறுநாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். அவரையும் கூப்பிடச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். முதலில் முறையில் இருந்த பிழையை, பிறகு விடுமுறை நாள் கணக்கை. பேராசிரியர் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டித் தேதியைப் பார்த்தார்.

“இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்மா?”

“ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கருத்தரங்குக்காரர்களுக்குக் கடிதம் எழுதிவிடுகிறேன், நீ போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சுவரோரம் நின்றவர் அப்போதுதான் கேட்டார்.

“அன்னைக்கு நான் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப சிங்க்குல ஊத்தினீக. அதுலயா இருந்துச்சு?”

ஆமாம் என்றேன்.

“தெரிஞ்சேதான் ஊத்தினீகளா?”

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் என்னுடன் பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், முகத்தைப் பார்க்கமாட்டார்.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. அத்தை வந்து என்ன என்று கேட்டார். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்ததால் எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சி, விளக்கு எதுவும் அத்தைக்குப் புரியவில்லை. அவர் வாளியோடு வந்த செவ்வாய்க்கிழமை மட்டும் புரிந்தது.

“அந்தத் தம்பிக்கு நெனச்ச நாளெல்லாம் கடலு. உனக்கு நான் வந்தாத்தான் கடலு. இதை ஏன்த்தா எங்கிட்ட முன்னமே சொல்லல?” என்றார். பிறகு, “ஆனாலும் நீ செஞ்சது தப்புதான்” என்றும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, முழங்கால் வலியால் இனிமேல் பஸ் ஏற முடியாது, பெண் தனியாகவே போய்வரட்டும் என்று அப்பாவிடம் அத்தை சொன்னதைக் கேட்டேன். அத்தையின் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தடுக்கவில்லை.

முதல்முறை தனியாகத் தொண்டியில் இறங்கியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. படகுக்காரர் வீட்டுப் பெண்கள் இருவர் கூட வந்ததால் படகில் ஏறினேன். கரை சிறுத்துப் போனது. கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது. இதையெல்லாம் அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார் என்ற நினைப்பு அங்கேயும் வந்தது. மாதத்தில் எத்தனை நாள் போனாலும் அது போகவில்லை.

சோதனைகளை அவர் முதலிலிருந்து செய்தார். குஞ்சுகள் எந்த வயதில் திரும்புகின்றன, வெளிச்சம் கூடினால் எத்தனை திரும்புகின்றன என்று ஒழுங்காகப் பிரித்துக் காட்டினார். ஆய்வுக் கட்டுரை வந்தபோது அவர் பெயர் முதலில் இருந்தது. என் பழைய அட்டவணைகளில் ஒரு பகுதி பயன்பட்டதால் என் பெயரையும் கீழே சேர்த்தார் பேராசிரியர். அவரைக் கேட்டுத்தான் சேர்த்தாராம். அச்சான பிரதியை அவர் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு வருஷத்துக்கும் மேலான பின் அன்றுதான் பேசினார். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதாகவும் பத்திரிகைக்கு எழுதியிருப்பதாகவும் சொன்னார். நான் வெகுநேரம் முதல் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கடற்கரையோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. நான் வேறொரு தலைப்பில் பட்டத்தை முடித்து, விரிவுரையாளராகி, கல்யாணமும் செய்துகொண்டேன். அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுத உட்கார்ந்து, மூன்று வரி எழுத நான்கு நாள் ஆயிற்று.

சில வருஷம் கழித்து, மாணவிகளை அழைத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போகும்படி ஆனது. அவர் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மாணவிகளுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அலை. நான் வேலை செய்த பழைய இருட்டறையைவிட அவருடைய தொட்டி பெரியது. மாணவிகள் முன்னால் நடந்து போனதும் நான் சொன்னேன்.

“எனக்கு இன்னமும் உங்களைப் பாத்தாப் பொறாமையாத்தான் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “இருக்கட்டும்” என்றார். பிறகு, தொண்டியிலிருந்து சுமந்தது போல இங்கே தண்ணீர் சுமக்கவேண்டியதில்லை என்று சுவரில் இருந்த ஒரு குழாயைத் திறந்து காட்டினார். கடல்தண்ணீர் நேராக வந்து கொட்டியது. நான் கையை அதில் நீட்டிக்கொண்டு, மாணவிகள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.